கடைசி நாள்ல பழைய கதை பேசவிடலாமா? டெல்டா பக்கத்து நர்ஸ் ஒருத்தியோட பதில்

கேள்வி இதுதான். திருவாரூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில பாலியேட்டிவ் வார்டுக்கு (நோயைத் தீர்க்க முடியாதவங்களுக்கு வலியையும் தொல்லையையும் குறைச்சுப் பாத்துக்குற வார்டு) புதுசா வந்த ஸ்டாஃப் நர்ஸ் தங்கச்சி கேட்டிருக்காங்க. கர்ப்பப்பை வாய் கேன்சர் முத்திப்போன 70 வயசு அம்மா ஒருத்தவங்க, கல்யாணம் ஆகி வரும்போது பொறந்த வீட்டுலேர்ந்து சீரா ஓட்டி வந்த மாட்டோட கதையையே தினமும் சொல்றாங்களாம், வெண்ணாத்துல வெள்ளம் வந்தப்போ அந்த மாடு கயித்தை அறுத்துக்கிட்டு நீந்தி இந்தக் கரைக்கு வந்த கதை. சீனியர் சிஸ்டர் "அதையெல்லாம் கிளறாத, அழுவாங்க, டயர்ட் ஆயிருவாங்க, புண்ணைக் கட்டினோமா வந்தோமான்னு இரு"ன்னு சொல்லிட்டாங்களாம். பேசவிடலாமா, இதுக்கு முறைன்னு ஏதாவது இருக்கா?

பேசவிடலாம் தங்கச்சி. நான் 20 வருஷத்துக்கு மேல நர்ஸா இருக்கேன், அதுல கடைசி பல வருஷம் கும்பகோணம், வலங்கைமான், மன்னார்குடி பக்கம் வீடு வீடா போயி பாக்குற வேலைதான். என் அனுபவத்துல அந்த அம்மா மாடு கதை சொல்ற நேரமும் சிகிச்சை நேரம்தான். ஆனா சும்மா பேச விட்டுட்டு நிக்கிறதும் கேக்கத் தெரிஞ்சு கேக்குறதும் வேற வேற, அதுல நானே தப்பு பண்ணிருக்கேன், அதையும் சொல்றேன்.

உங்க சீனியர் சொன்னது ஒரு காலத்துல டாக்டருங்களே சொன்னதுதான். வயசானவங்க பழசையே பேசினா மூளை தளர்ந்துருச்சு, நடப்புல பிடிப்பு போச்சுன்னுதான் நெனச்சாங்க. 1963ல ராபர்ட் பட்லர்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டர் அதை மறுத்து எழுதினாரு, சாவு பக்கத்துல வருதுன்னு தெரியும்போது மனுஷன் தன் வாழ்க்கையை எடுத்து வச்சு திரும்பிப் பாக்குறது இயல்பு, அதுக்கு ஒரு வேலை இருக்குன்னு. லைஃப் ரிவ்யூன்னு பேரும் வச்சாரு. அதே கட்டுரையில அவரு ஒரு எச்சரிக்கையும் சொன்னாரு, இப்படித் திரும்பிப் பாக்குறதுல சில பேருக்கு நிம்மதி வரும், சில பேருக்கு குற்ற உணர்ச்சியும் விரக்தியும் வரும்னு. இந்த ரெண்டாவது பாதியை நம்மாளுங்க மறந்துர்றாங்க, அதைப் பத்தி கீழ வர்றேன்.

அதுக்கப்புறம் நர்ஸுங்க நிறைய பேரு இதைக் கையில எடுத்தாங்க. பார்பரா ஹெய்ட்னு ஒரு அமெரிக்க நர்ஸ், சின்ன வயசுலேர்ந்து ஆரம்பிச்சு பல வாரம் வரிசையா உக்காந்து கேக்குற ஒரு முறையே கொண்டு வந்தாங்க. ஆனா அந்த அளவுக்கு நேரம் நம்ம நோயாளிக்கு இருக்காது, 2 வாரம் ஓடுமான்னே தெரியாது. ஜப்பான்ல மிச்சியோ ஆண்டோங்கிறவங்க அதை ரெண்டே உக்காரலா சுருக்கினாங்க, முதல்ல பேசிக் கேக்குறது, அதை வச்சு ஒரு ஆல்பம் பண்ணி ஒரு வாரம் கழிச்சு நோயாளியோட உக்காந்து பாக்குறது. கனடாவுல ஹார்வி சோச்சினாவ்ங்கிற டாக்டர் டிக்னிட்டி தெரபின்னு கொண்டு வந்தாரு, நோயாளி பேசுறதை பதிவு பண்ணி, எழுதி, அவங்களுக்கே படிச்சுக் காட்டி, திருத்தி, வீட்டுக்காரங்ககிட்ட குடுக்குறது. 2005ல 100 பேருகிட்ட பண்ணிப் பாத்ததுல 91 சதவீதம் பேரு திருப்தின்னு சொன்னாங்க. 2011ல பெருசா, வேற சிகிச்சை முறைகளோட ஒப்பிட்டுப் பாத்தப்போ, மனக்கஷ்டம் அளக்குற அளவுகள்ல பெரிய வித்தியாசம் வரல, ஆனா நோயாளிங்களைத் தனியா கேட்டப்போ இது உதவுச்சு, மரியாதை கூடுச்சுன்னு சொன்னாங்க. அதனால இது மருந்து மாதிரி வேலை செய்யும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, வேலையே செய்யாதுன்னு சொன்னாலும் நம்பாதீங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். அந்த வெளிநாட்டுப் புத்தகங்கள்ல இருக்குற கேள்வியை அப்படியே தமிழாக்கிக் கேட்டா இங்க ஓடாது. "உங்க வாழ்க்கையில முக்கியமான விஷயம் எதுன்னு நெனைக்கிறீங்க?"ன்னு வரப்புல காலம் தள்ளுன ஒரு அம்மாயிகிட்ட கேட்டுப் பாருங்க, "என்னத்தம்மா சொல்றது, எல்லாம் அவன் விட்ட வழி"ன்னு ஒரே வார்த்தையில கதவைச் சாத்திருவாங்க. கூச்சம் ஒரு பக்கம், என் வாழ்க்கையில என்ன இருக்குங்கிற நெனப்பு ஒரு பக்கம். அதனால கையில இருந்த வேலையைக் கேளுங்க. நாத்து பறிக்கிறப்ப ஒரு முடிக்கு எவ்வளவு புடிப்பீங்க, எத்தனை பேரு ஒரு வரிசையில எறங்குவீங்க, யாரு முதல்ல பாட்டு எடுப்பாங்கன்னு கேளுங்க, கை தானா எழும்பும்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு அம்மாயி இருந்தாங்க. சுவத்தைப் பாத்து படுத்தவங்கதான், நான் ரெண்டு தடவை போயும் "ம்"முன்னு சொன்னதைத் தவிர வேற பேச்சே இல்ல. மூணாவது தடவை போனப்போ குறுவை நடவு நேரம், வெளியில மெஷின் ஓடுற சத்தம் கேக்குது, நான் டிரெஸ்ஸிங் பிரிச்சுக்கிட்டே "மெஷின் நடவு வந்துருச்சு அம்மாயி, உங்க கை நடவு மாதிரி வருமா?"ன்னு கேட்டேன். கண்ணைத் தொறந்தாங்க. "மெஷினுக்கு என்னடி தெரியும், ஆழமா அமுத்திட்டா பயிரு தூர் கட்டாது, விரலு நுனிதான் சேத்துல போகணும்"னு சொல்லிட்டு, பூவரசு மரத்துல தூளி கட்டி புள்ளையைப் போட்டுட்டு நட்டது, புள்ள அழுதா கேக்குற தூரத்துல வரிசையைப் புடிக்க மத்த பொம்பளைங்களோட சண்டை போட்டதுன்னு கால் மணி நேரம் பேசுனாங்க. எப்பவும் கத்துற அந்த டிரெஸ்ஸிங் அன்னைக்கு கத்தாம முடிஞ்சுது. பேச்சுல வலி பறந்துருச்சுன்னு சொல்ல மாட்டேன், மார்ஃபின் மாத்திரை குடுத்து முக்கா மணி நேரம் ஆகியிருந்துச்சு, அதுவும் சேந்துதான்.

அதுதான் ரொம்ப முக்கியம். வலியோட இருக்குறவங்ககிட்ட போயி கதை கேக்காதீங்க. முதல்ல வலி, வாய் காஞ்சிருக்கா, ஒண்ணுக்கு கட்டியிருக்கா, மலம் போயி எத்தனை நாள் ஆச்சு (மார்ஃபின்ல இருக்குறவங்களுக்கு இது தீராத தொல்லை), மூச்சு வாங்குதா, தலைமாட்டை உயர்த்தணுமா, இதெல்லாம் பாத்துட்டுதான் பேச்சு. சாதாரண மார்ஃபின் மாத்திரை அரை மணி நேரத்துல வேலை ஆரம்பிச்சு 4 மணி நேரம் தாங்கும், அந்த நடு நேரத்துல வாய் துடைக்கிறது, உடம்பு துடைச்சு விடுறது, புண் கட்டுறது எல்லாம் வச்சுக்கோங்க, பேச்சும் அதோடவே போகும். தனியா நேரம் எங்க இருக்குன்னு சீனியர் கேட்டா இதுதான் பதில், கை வேலை செய்யும்போது காது சும்மாதானே இருக்கு. 10, 15 நிமிஷம் போதும். மூச்சு வாங்குறவங்களுக்கு அதுவும் வேண்டாம், நீங்க பேசுங்க, அவங்க தலையாட்டட்டும்.

வருஷம் கேக்காதீங்க. நம்ம பக்கத்து ஜனங்க 1970, 1980ன்னு கணக்கு வச்சிருக்க மாட்டாங்க, புயலும் தண்ணியும்தான் அவங்க காலண்டர். 52 புயல், 77 புயல், மேட்டூர் ஜூன் 12ல தொறந்த வருஷம், தொறக்காத வருஷம், மீட்டர் கேஜ் ரயில் ஓடுன காலம், ஆடுதுறை 27 நெல்லு வந்த புதுசு, இப்படிக் கேட்டா சரசரன்னு வரும். உங்க வார்டு அம்மாவுக்கு 70 வயசுன்னா 77 நவம்பர் புயல் அடிச்சப்போ 20ஐ ஒட்டி இருந்திருப்பாங்க. 10 வயசுலேர்ந்து 30 வயசு வரைக்கும் நடந்ததுதான் வயசான காலத்துல அதிகமா, தெளிவா நெனப்புக்கு வரும்னு மனோதத்துவக்காரங்க சொல்வாங்க, நாம பாக்குறதும் அதேதான். கல்யாணம், முதல் புள்ள, முதல் கூலி, ஆடிப்பெருக்குக்கு காப்பரிசி கட்டிக்கிட்டு ஆத்துக்குப் போனது, திருவாரூர் தேர் வடத்தைத் தொட்டது.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், மனசுல ரொம்ப நாளா இருக்கு. "அந்தக் காலம்லாம் எவ்வளவு நல்லா இருந்துச்சு இல்ல பாட்டி"ன்னு தயவுசெஞ்சு ஆரம்பிக்காதீங்க. யாருக்கு நல்லா இருந்துச்சு? கீழத்தஞ்சை மண்ணுல பண்ணையாளா கெடந்தவங்க சவுக்கடியும் சாணிப்பாலும் (தண்டனையா குடிக்க வச்ச சாணித் தண்ணி) வாங்கின வீட்டுல வளந்த பிள்ளைங்க இன்னைக்கு 80 வயசுல நம்ம கட்டில்ல படுத்திருக்காங்க. 1968 டிசம்பர் 25ல கீழ்வெண்மணியில 44 பேரு எரிஞ்சு செத்த ராத்திரி, பக்கத்து ஊர்லேர்ந்து கண்ணால தீயைப் பாத்தவங்க இருக்காங்க. அவங்களுக்கு போயி அந்தக் காலம் பொற்காலம்னு நாம சொன்னா அதுக்கப்புறம் ஒரு வார்த்தை வெளிய வராது. நல்லது கெட்டது எதுன்னு அவங்க சொல்லட்டும், நீங்க முன்னாடியே ஒரு கலர் பூசாதீங்க.

என் தப்பையும் சொல்றேன். கடலோரத்துல ஒரு மீனவ ஐயா, ஈரல்ல கேன்சர். நல்லா பேசுவாரு, வலை, கட்டுமரம், வஞ்சிரம், எல்லாம். எனக்கு ஆர்வம், 2004ல சுனாமி வந்தப்போ எங்க இருந்தீங்க ஐயான்னு நானாவே கேட்டுட்டேன். அவரு வாயை மூடிட்டாரு. அன்னைக்கு ராத்திரி முழுக்க தூங்காம எந்திரிச்சு எந்திரிச்சு வாசலுக்குப் போகப் பாத்திருக்காரு. பேத்தி ரெண்டு பேரை அதுல விட்டவருன்னு மருமக அடுத்த நாள்தான் சொன்னாங்க. அவரு கூட்டிட்டுப் போகாத இடத்துக்கு நான் போயிட்டேன். போயி மன்னிப்பு கேட்டேன், கையைப் புடிச்சாரே தவிர ஒண்ணும் சொல்லல. அதுலேர்ந்து பேரிடர், சாவு, பிள்ளை இல்லாமப் போனது, பிரிஞ்சு போன புருஷன், இதுல எதையும் நானா தொடுறது இல்ல. அவங்களே தொட்டா ஒதுங்கிப் போறதும் இல்ல, உக்காந்து கேக்குறேன், "விடுங்க, அதெல்லாம் எதுக்கு இப்ப"ன்னு சொல்லி வாயை அடைக்கிறது இல்ல.

அழுவாங்கன்னு உங்க சீனியர் பயப்படுறது தப்பில்ல, ஆனா அழுகை எல்லாம் ஒரே அழுகை இல்ல. பேசி அழுது, மூக்கைத் துடைச்சுக்கிட்டு, ஒரு வாய் தண்ணி குடுன்னு கேட்டாங்கன்னா அது இறங்குற அழுகை, பக்கத்துல இருங்க, போதும். அழுதுட்டு சாப்பிடாம, அடுத்தடுத்த நாளும் "நான் பாவி, எனக்கு இது வேணும்"னு அதுலயே சுத்துனாங்கன்னா அது வேற, டாக்டர்கிட்ட சொல்லணும், மனநல ஆலோசகர் இருந்தா கூப்பிடணும், பழைய கதை கேக்குறதை நிறுத்தணும். பட்லர் சொன்ன ரெண்டாவது பாதி இதுதான்.

குற்ற உணர்ச்சின்னு சொன்னதும் பாபநாசம் பக்கத்து ஒரு தாத்தா ஞாபகம் வர்றாரு. வாய்க்கா தண்ணி சண்டையில தம்பி மேல மண்வெட்டியை ஓங்கிட்டாரு, 30 வருஷமா பேச்சு இல்ல, ஒரே தெரு. மடையை யாரு எப்ப அடைச்சாங்கங்கிறதை என்கிட்ட ஏழெட்டு தடவை சொன்னாரு, முதல் தடவை சொன்னப்போ தப்பு முழுக்க தம்பி மேல, கடைசியா சொன்னப்போ "நானும்தான் முந்திட்டேன்"னு வந்து நின்னுச்சு. நான் ஒரு எடத்துலயும் நியாயம் சொல்லல, "அப்புறம் தாத்தா?"ன்னு மட்டும்தான் கேட்டேன். திரும்பத் திரும்ப சொல்ற கதை அப்படியே இருக்கா, கொஞ்சம் கொஞ்சமா மாறுதான்னு கவனிங்க, மாறுதுன்னா உள்ள ஏதோ வேலை நடக்குதுன்னு அர்த்தம். தம்பியைக் கூப்பிடவான்னு கேட்டேன், சரின்னாரு, மகன் போயி சொன்னான். தம்பி வரல. பேரன்கிட்ட ரெண்டு எளநியைக் குடுத்து அனுப்புனாரு. தாத்தாவால முழுங்க முடியாத நேரம், பஞ்சுல நனைச்சு உதட்டுல வச்சேன். எந்த மரத்துதுன்னு கேட்டாரு.

பேச முடியாதவங்களுக்கும் இது உண்டு. தொண்டையில ஓட்டை போட்டு குழாய் வச்ச ஒரு தவில்காரர் இருந்தாரு, சத்தம் வராது. எழுதவும் பிடிக்கல. ஒருநாள் அவரு பையன் போன்ல பழைய கச்சேரி ஒண்ணைப் போட்டான், நாகஸ்வரம் ஆரம்பிச்சதும் அவரு வலது கை விரல் கட்டில் கம்பியில எறங்குது, இடது கை குச்சி புடிக்கிற மாதிரி மடங்குது. பையன் தாளம் போட்டு ஒரு எடத்துல தப்பவிட, அவரு கண்ணை உருட்டி முறைச்சாரு பாருங்க. அன்னைக்கு விரல்ல மாட்டுற கூட்டை எடுத்துட்டு வரச் சொல்லி கையில வச்சிருந்தாரு. பொருள், பாட்டு, வாசனை எல்லாமே வேலை செய்யும். சந்தனம், வெத்தலை டப்பா, கல்யாணக் கூறைப்புடவை, பழைய ரேஷன் கார்டு கூட. வாந்தி உணர்வு இருக்குறவங்களுக்கு மட்டும் வாசனை சமாச்சாரம் பாத்துதான் பண்ணணும்.

பதிவு பண்றதுன்னா கேட்டுட்டுதான் பண்ணணும், அவங்களைக் கேக்கணும், மகனைக் கேட்டா போதாது. கூத்தாநல்லூர் பக்கம் ஒரு அம்மா, வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல கடை வச்சிருந்தவரு, நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏத்தி அனுப்புனதையும், அடுத்து ஊர் வர்ற வரைக்கும் கடுதாசி மட்டும் வந்ததையும் பேரனுக்காக போன்ல பேசிப் பதிஞ்சாங்க. நடுவுல ஒரு விஷயம் சொல்லிட்டு "இது அவனுக்கு வேணாம்"னாங்க, அந்தத் துண்டை அவங்க கண்ணு முன்னாடியே அழிச்சேன். நெலம் யாருக்கு, இன்னொரு குடும்பம் இருந்துச்சா, யாரு யாருக்கு கடன், இதெல்லாம் பேச்சுல வரும் தங்கச்சி. நர்ஸ் நோட்ஸ்ல அதை எழுதக்கூடாது, டீக்கடையில சொல்லக்கூடாது. நோட்ஸ்ல எழுத வேண்டியது ஒரு வரிதான், "நடவு பத்தி பேசினா அமைதியாறாங்க", "மூத்த மகன் பேச்சு எடுக்க வேண்டாம்", நைட் டியூட்டி சிஸ்டருக்கு அது பெரிய உதவி.

வீட்டுக்காரங்க சண்டைக்கு வரலாம். நம்ம பக்கம் பாதி வீட்டுல நோயாளிக்கு நோய் என்னன்னே சொல்லியிருக்க மாட்டாங்க, அல்சர்னு சொல்லி வச்சிருப்பாங்க. நீங்க பழசைப் பேசினா விஷயம் வெளிய வந்துருமோன்னு பயம். பழைய கதை கேக்குறதுக்கு நோய் பேரைச் சொல்லணும்னு அவசியமே இல்ல, அதை அவங்களுக்குப் புரியவைங்க, முடிஞ்சா மருமகளையோ பேத்தியையோ பக்கத்துல உக்கார வைங்க. தனக்கு என்ன ஆச்சுன்னு நோயாளியே கேட்டா அது தனி விஷயம், பொய் சொல்லாம டாக்டரோட சேந்து பேசணும். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துலயே வீட்டுக்கு வந்து பாலியேட்டிவ் பாக்குறது இருக்கு, அந்த வண்டியில போற சிஸ்டருங்களுக்கு இந்த வீட்டு நெலவரம் எல்லாம் நல்லா தெரியும், அவங்ககிட்ட பேசிப் பாருங்க.

செத்துப்போன அம்மா வந்து நிக்குதுன்னு சொல்வாங்க. அமைதியா சொன்னா "என்ன சொல்றாங்க அம்மா?"ன்னு கேளுங்க, இல்லைன்னு வாதாடாதீங்க. ஆனா திடீர்னு பயந்து, துணியைப் பிச்சு, டியூபை இழுத்து, பகல் ராத்திரி தெரியாம பேசினா அதை பழைய நெனப்புன்னு விட்டுறாதீங்க, அது டெலிரியமா (உடம்புக் கோளாறால திடீர்னு வர்ற மூளைக் குழப்பம்) இருக்கும், ஒண்ணுக்கு அடைச்சிருக்கா, காய்ச்சலா, மருந்தா, ரத்தத்துல உப்பு, கால்சியம் ஏறி இறங்கியிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. பழசைப் பேசவே பிடிக்காதவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு டிவியில மேட்டூர் நீர்மட்டம் சொன்னா போதும், அதுவும் சரிதான்.

கடைசி நேரத்துல அவங்க பேச மாட்டாங்க. அப்ப நாம சொல்லணும். 2020ல கனடாவுல ஒரு ஆராய்ச்சியில, பதில் பேச முடியாத நெலைக்குப் போன சில பேரோட மூளை, சாகுறதுக்கு சில மணி நேரம் முன்னாடியும் சத்தத்துக்கு அசைஞ்சு குடுத்ததைப் பாத்தாங்க, புரிஞ்சு கேக்குறாங்களான்னு அதுல தெரியல. நான் சொல்லிட்டுதான் இருக்கேன். அந்த நீடாமங்கலம் அம்மாயிக்கு வாய் துடைச்சுக்கிட்டே, விரலு நுனிதான் சேத்துல போகணும், தூளி கேக்குற தூரத்துல வரிசை புடிக்கணும்னு அவங்க சொன்னதையே திருப்பிச் சொன்னேன். மக பக்கத்துல இருந்துச்சு, தூளியில கெடந்தது தான்தான்னு அதுக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

உங்க அம்மாவோட கதையில எனக்கு ஒண்ணு விட்டுப்போச்சு தங்கச்சி. மாடு நீந்தி வந்துச்சு, சரி, கரையில யாரு நின்னா? அந்த அம்மா மட்டுமா, வீட்டுக்காரரும் இருந்தாரா, வயித்துல புள்ள இருந்துச்சா? அதை நேரா கேக்காதீங்க, அவங்களா வரட்டும். நாளைக்கு வாய் துடைக்கிறப்போ மாட்டுக்கு என்ன பேருன்னு மட்டும் கேளுங்க, நீங்க எழுதினதுல பேரு இல்ல.